ஏக்கருக்கு எட்டு டன் திருநீறு

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் அதிகாரிகளுக்கு உழவர் மேல் அன்பு சுரக்க ஆரம்பித்துவிடும். ஆனியில் சாரல் தட்டினால் போதும். பதினோரு மாதம் அலமாரியில் தூங்கிய கோப்புகள் எழுந்து, துண்டும் நல்லெண்ணெயுமாகத் தென்காசி ரயிலைப் பிடிக்கும். சித்திரை வெயிலில் குருவிகுளத்துக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது மண்வளத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்ததாக நானறியேன். மண்ணின் கவலை எப்போதும் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும்போதுதான் வரும்.

அப்படி ஒரு கூட்டம். காலை அமர்வு பேரருவியில், மதிய அமர்வு பார்டர் பரோட்டாக் கடையில். இரண்டுக்கும் நடுவே, தவிர்க்க முடியாமல், ஒரு மணி நேரம் மண்டபத்தில். பின்னால் பேனர்: ‘பயறு வகைப் பயிர்களின் விளைச்சல் பெருக்கத்தில் அனல்மின் நிலையச் சாம்பலின் பங்கு’. முன்வரிசையில் சால்வைக்காரர்கள். பின்வரிசையில் சங்கரன்கோவில், சுரண்டை, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வேன் வைத்து அழைத்து வந்த உழவர்கள்.

இது எந்த விடுதியில் நடந்தது என்று தேட வேண்டாம். என் மண்டைக்குள்தான் நடந்தது. ஆனால் மேடையில் பேசியதில் ஒரு பங்கு இந்திய அரசிதழில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

முதல் பேச்சாளர் பக்திமான். “காசியில் மனிதன் சாம்பலாகி ஆற்றுக்குப் போகிறான். தென்காசியில் சாம்பலே மனிதனைத் தேடி வயலுக்கு வருகிறது. சுடலைப்பொடி பூசிய ஈசனின் ஊரில் சாம்பலைக் கழிவு என்பது தெய்வ நிந்தனை” என்றார். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுத்தது, தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு முன்கூட்டியே இடம் பிடித்துக் கொடுக்கத்தான் போலிருக்கிறது. கைதட்டல்.

இரண்டாமவர் பக்தியை நம்பவில்லை; பாட்டியை நம்பினார். “உங்க பாட்டி அவரைப் பந்தல்ல அசுவினி விழுந்தா என்ன தூவினாங்க? சாம்பல்! பாத்திரம் எதுல தேய்ச்சாங்க? சாம்பல்! அதையே அரசாங்கம் லாரியில கொடுத்தா மட்டும் ஏன் பயப்படுறீங்க?” பின்வரிசையில் பாதித் தலைகள் ஆடின. எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. பாட்டியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறவனை ஒருநாளும் நம்பக் கூடாது.

எங்கள் ஆச்சியின் அடுப்பில் எரிந்தது வேலமுள்ளும் தென்னமட்டையும் எருவட்டியும். அந்தச் சாம்பலில் மரம் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாஷும் சுண்ணாம்பும் இருந்தன. மண்ணுக்குத் திரும்பிப் போனால் மண் வாங்கிக்கொண்டது. ஆச்சி தூவியது ஒரு சிரட்டை. தூத்துக்குடியில் எரிவதோ ஒடிசாவின் தால்சேரில் தோண்டி, பாரதீப்பில் கப்பலேற்றிக் கொண்டுவரும் நிலக்கரி. இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பங்கு சாம்பலாகவே மிஞ்சும். கொதிகலனின் உக்கிரத்தில் தழைச்சத்து மொத்தமும் புகைபோக்கி வழியே போய்விடும். மிஞ்சுவது சிலிக்காவும் அலுமினாவும் இரும்பும் உருகி உறைந்த, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குண்டுகள். அவற்றோடு ஒட்டிக்கொண்டு ஆர்செனிக், ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் என்று ஒரு தூரத்துச் சொந்தக் கூட்டம். கூப்பிடாமலே கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்காருகிற கூட்டம்.

தமிழில் இந்த மோசடிக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படிக்கிறோம். பொட்டாஷுக்கு நாம் வைத்த பெயரே சாம்பல்சத்து. ஆக, சாம்பலில் சாம்பல்சத்து இல்லாமல் போகுமா? போகும். நிலக்கரிச் சாம்பலில் இருக்கிற கொஞ்ச நஞ்சப் பொட்டாஷும் பெரும்பாலும் அந்தக் கண்ணாடிக் குண்டுகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. வேர் தட்டினால் கதவு திறக்காது. பெயரில் சத்து, பொருளில் பூட்டு.

மூன்றாமவர் சட்டம் பேசினார். அவர் பேச்சு மட்டும் கலப்படமில்லாத உண்மை. அதனால்தான் அங்கதக்காரன் அவரிடம் தோற்றுப்போகிறான்.

1994-இல் மத்திய அரசு ‘ஃப்ளை ஆஷ் மிஷன்’ என்று ஒரு இயக்கம் தொடங்கியது. 1999 செப்டம்பரில் சாம்பலைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று முதல் அறிவிக்கை. பிறகு திருத்தத்துக்கு மேல் திருத்தம். 2016-இல் வந்த அபாயகரக் கழிவு விதிகளின் அட்டவணையில் ஒரு குறிப்பு இருக்கிறது. சாம்பல், செம்மண் சகதி, பாஸ்போஜிப்சம் முதலியவை ‘அளவு அதிகம், பாதிப்பு குறைவு’ வகையைச் சேர்ந்தவையாம். ஆகவே அபாயப் பட்டியலில் சேரா. என்ன ஒரு தமிழ்க் குடும்பத் தர்க்கம்! வீட்டில் ஒருவன் குடித்தால் குடிகாரன். குடும்பமே குடித்தால் அது குலவழக்கம். கொஞ்சமாக இருந்தால் விஷம். மலையாகக் குவிந்துவிட்டால் அதற்கு வேறு பெயர் வைத்துவிடலாம். 2021-22-இல் நாடு முழுக்க உண்டானது ஏறத்தாழ 27 கோடி டன். இத்தனையையும் விஷம் என்று ஒப்புக்கொண்டால் எங்கே வைப்பது?

2021 டிசம்பர் 31 அன்று, ஊரெல்லாம் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, புதிய அறிவிக்கை வந்தது. சுற்றுச்சூழலுக்கு உகந்த பயன்பாடுகள் என்று ஒரு பட்டியல்: செங்கல், சிமெண்ட், சாலை, தாழ்வான பகுதிகளை நிரப்புதல் என்று போகும். அதில் வேளாண்மையும் உண்டு; ‘மண் பரிசோதனையின் அடிப்படையில், கட்டுப்பாட்டோடு’ என்ற வாலோடு. இலக்கை எட்டாமல், பயன்படாது தேங்குகிற சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. 300 கிலோமீட்டர் தொலைவுக்குள் சாலையும் பாலமும் அணையும் கட்டுகிறவர்கள் சாம்பலை வாங்கியே ஆக வேண்டும். நான் வரைபடத்தில் காம்பஸ் ஊன்றிப் பார்த்தேன். தூத்துக்குடியில் முள்ளை வைத்தால் தென்காசி மட்டுமில்லை, கொழும்பே வட்டத்துக்குள் விழுகிறது. ராவணன் தேசமும் தப்பவில்லை.

இப்போது ஒரு கூட்டல் கணக்கு. எக்டேருக்கு 20 டன் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுத் திடல்களில் இதைவிட அதிகமாகவும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஏக்கருக்கு 8 டன். தேங்கினால் 8,000 ரூபாய் கட்ட வேண்டிய சரக்கு, ஒரு ஏக்கர் உளுந்துக் காட்டில் தட்டிவிட்டதும் பூஜ்யமாகிறது. அதே ஏக்கரில் உழவன் விதைத்து, களையெடுத்து, மழைக்கு வானம் பார்த்து, மஞ்சள் தேமலுக்குத் தப்பி, பறித்து, அடித்து, தூற்றி எடுக்கிற ஒரு குவிண்டால் உளுந்துக்கு 2025-26-க்கு அரசு அறிவித்த ஆதார விலை 7,800 ரூபாய். குப்பையைக் கொட்டுகிறவனுக்கு 8,000 மிச்சம். குவிண்டாலை விளைவிப்பவனுக்கு 7,800 வரவு, அதுவும் கொள்முதல் நிலையம் திறந்திருந்தால். நம் நிலம் எதை விளைவிப்பதற்கு அதிக மதிப்புள்ளது என்று இதைவிடப் பச்சையாக யாரும் சொல்ல முடியாது.

“எல்லாச் சாம்பலையுமா நமக்குத் தாராவ?” என்று பின்வரிசையில் ஒருவர் மெல்லக் கேட்டார். நல்ல கேள்வி. எல்லாவற்றையும் தர மாட்டார்கள், அண்ணாச்சி. சாம்பலிலும் சாதி உண்டு. புகையிலிருந்து உலர்வாகப் பிடிக்கிற மாவு போன்ற சாம்பல் உயர்குலம். போஸலானா சிமெண்டில் அதை 35 சதவீதம் வரை கலக்கலாம். சிமெண்ட் ஆலைகள் அதற்குக் காசு கொடுக்கும். அறிவிக்கையே சொல்கிறது, வேறு வழியில் தள்ளிவிட முடிகிற சாம்பலுக்கு மின்நிலையம் விலை வாங்கலாம் என்று. தண்ணீரோடு கரைத்துக் குளத்தில் தள்ளிய சாம்பல், கொதிகலன் அடியில் விழுந்த கொரகொரச் சாம்பல், இவற்றுக்குத்தான் மாப்பிள்ளை அமைவதில்லை. அதைத்தான் சீர்வரிசையோடு, லாரி வாடகையும் கொடுத்து, உழவன் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். விலை போகிற சாம்பல் மூலப்பொருள். விலை போகாத சாம்பல் மண்ணுக்கு ஊட்டம்.

இன்னொரு வேடிக்கை. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் சாலை போட்டால் நிற்காது. பொறியாளர்கள் என்ன செய்வார்கள்? சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து மண்ணை இறுக்குவார்கள். சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்தால் இந்தச் சாம்பல் சிமெண்ட் மாதிரிப் பிடிக்கும். அதுதான் அதன் குணம். ஆக, நெடுஞ்சாலைத் துறை மண்ணை இறுக்கப் போடுவதை, வேளாண் மேடை மண்ணைப் பொலபொலப்பாக்கப் போடச் சொல்கிறது. இரண்டு துறைகளும் ஒரே கட்டடத்தில் ஒரே டீ குடிக்கின்றன.

சரி, ஏன் பயறு? இத்தனை பயிர் இருக்க, உளுந்தின் மேலும் பாசிப்பயறின் மேலும் ஏன் இந்தத் திடீர்க் காதல்? 2025 அக்டோபரில் பயறுத் தன்னிறைவு இயக்கத்துக்கு மத்திய அரசு 11,440 கோடி ரூபாய் ஒதுக்கியது. கோடி வருகிற பக்கம் சாம்பலும் திரும்பிப் பார்க்கும். ஆனால் பாருங்கள், உலகத்தில் யாரிடமும் கையேந்தாத பயிர் ஒன்று உண்டென்றால் அது பயறுதான். முப்பது நாள் உளுந்துச் செடியைப் பக்குவமாகப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ஆலை ஓடுகிறது என்று பொருள். ரைசோபியம் என்கிற பாக்டீரியா அங்கே உட்கார்ந்து காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குச் சோறு போடுகிறது. யூரியா ஆலை நானூறு டிகிரிக்கு மேல் சூடேற்றிச் செய்வதை இது ஈர மண்ணின் குளிர்ச்சியில் செய்கிறது. புகைபோக்கி கிடையாது. சாம்பலும் கிடையாது! சாம்பலே இல்லாத தொழிற்சாலைக்குச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்கிறார்கள்.

மேடையில் ஒருவர் மாலிப்டினம் என்றார். பொய்யில்லை. அந்த முடிச்சுக்குள் வேலை நடக்க மாலிப்டினம் வேண்டும்; சாம்பலில் அது இருக்கிறது. ஆனால் எவ்வளவு வேண்டும்? எக்டேருக்குச் சில பத்துக் கிராம். ஒரு சின்னப் பொட்டலம், விதையோடு கலந்துவிடலாம். அந்தப் பொட்டலத்துக்காக எக்டேருக்கு 20 டன் என்பது, சுண்டலுக்கு உப்புப் போடத் தூத்துக்குடிக் கடலையே குடத்தில் மொண்டு வந்து ஊற்றுவது மாதிரி. ஊற்றும்போது கூடவே போரானும் வரும். போரான் ஒரு விசித்திரம்: துளி இருந்தால் மருந்து, துளி கூடினால் நஞ்சு. புதுச் சாம்பலில் அது எளிதில் கரையும். பயறு வகைகளோ அதைத் தாங்காத வகையறா. இலை ஓரம் கருகும். காரச் சாம்பல் மேலே விழுந்தால், ஏற்கெனவே காரத்தன்மை கொண்ட கரிசலில் துத்தநாகமும் இரும்பும் இன்னும் எட்டாமல் போகும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். புளிப்பு மண்ணில், மணற்பாங்கான மண்ணில், சோதித்து, கொஞ்சமாக, தொழுவுரத்தோடு சேர்த்துப் போட்டபோது பயன் தெரிந்த ஆய்வுகள் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல்காரர்கள் நெய்வேலிச் சாம்பலைப் பூச்சி மருந்துத் தூளாகக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. தொட்டியில் இருபது செடி வைத்து, எடை போட்டு, ‘இந்த அளவுக்கு மேல் கெடுதல்’ என்று கடைசிப் பத்தியில் அவர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கடைசிப் பத்தி மட்டும் தென்காசிக்கு வருவதே இல்லை. வழியில் எங்கோ இறங்கிவிடுகிறது. மூன்று தசாப்தம் பறையடித்தும் நாட்டின் மொத்தச் சாம்பலில் வேளாண்மைக்குப் போவது ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. உழவன் முட்டாள் இல்லை என்பதற்கு அரசே தரும் புள்ளிவிவரம் அது.

‘மண் பரிசோதனையின் அடிப்படையில்’ என்ற அந்த வாலைக் கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம். 2015 பிப்ரவரியில் மண் வள அட்டைத் திட்டம் வந்தது. அட்டையில் 12 கட்டங்கள்: தழை, மணி, சாம்பல்சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம். ஆர்செனிக்குக்குக் கட்டம் இல்லை. ஈயத்துக்கு இல்லை. காட்மியம், பாதரசம், குரோமியம் எதற்கும் இல்லை. திருடன் எந்த வாசல் வழியாக வருவானோ அந்த வாசலை மட்டும் விட்டுவிட்டு மற்ற பன்னிரண்டு வாசலிலும் காவல் போட்டிருக்கிறோம். கேட்டால், பரிசோதித்துத்தான் போட்டோம் என்பார்கள்.

சாம்பல் உரம்தான் என்றால் எண்ணூர்ப் பக்கம் செப்பாக்கம் இந்நேரம் தமிழ்நாட்டின் உளுந்துக் களஞ்சியமாக இருக்க வேண்டும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டிய ஊர் அது. குழாய் உடைந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்ததால் மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. இந்தக் கருத்தரங்கை அங்கே நடத்தலாமே? நடத்த மாட்டார்கள். அங்கே அருவி இல்லை.

தாழ்வான இடத்தை நிரப்புகிறோம் என்ற பாட்டும் தெற்குச் சீமைக்குப் புதிதில்லை. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டின் தாமிரக் கசடு உப்பாற்றங்கரையிலும் தனியார் நிலங்களிலும் குவிந்து கிடந்தது. ஆலை மூடப்பட்டது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அந்தக் கசட்டை அகற்றாததும் காரணங்களில் ஒன்று. அதையும் கொட்டும்போது பயன்பாடு என்றுதான் சொன்னார்கள்.

சிற்றாற்றுக்காரர்களுக்கு நான் புவியியல் சொல்லித்தர வேண்டியதில்லை. குற்றால மலையில் விழுவது தென்காசி வழியாக இறங்கி, குளம் குளமாக நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியைத் தொடுகிறது. காட்டில் கொட்டிய சாம்பலில் கரைவதும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். போய்? ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான், நாளுக்கு இரண்டு கோடி காலன் என்ற கணக்கில், 20 எம்.ஜி.டி. திட்டத்தைப் போட்டார்கள். அனல்மின் நிலையமும் அந்தப் பட்டியலில் உண்டு. இங்கிருந்து நல்ல தண்ணீர் இறங்கும், அங்கிருந்து சாம்பல் ஏறும். பண்டமாற்று என்றால் இதுதான். நடுவில் இருக்கிற ஊர்களெல்லாம் குடித்துக்கொள்ளட்டும்.

கேள்வி நேரம் ஐந்து நிமிடம். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்:

“சார், ஆறின கஞ்சியில ரைசோபியம் கலந்து விதையில பூசுங்கன்னு நீங்கதான் சொன்னிய. செஞ்சோம். பூ எடுக்கையில டி.ஏ.பி. ரெண்டு சதவீதம் அடிங்கன்னிய, இல்லாட்டி பயறு ஒண்டர்ங்கிற சத்துக் கலவை ஏக்கருக்கு ரெண்டு கிலோன்னிய. அடிச்சோம். கிலோ கணக்குல, கிராம் கணக்குல சொன்னதெல்லாம் காசு குடுத்து வாங்கினோம். இது ஒண்ணுதான் டன் கணக்குல வருது, அதுவும் சும்மா வருது. ஏன் சார்?”

மேடை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. “நல்ல கேள்வி” என்றார் தலைவர். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டால் பதில் சொன்ன மாதிரி.

“எங்க வீட்டுல பிள்ளை பெரிய மனுஷியானா உளுந்தங்களி கிண்டிக் குடுப்போம்” என்று பெரியவர் உட்காராமலே சொன்னார். “அந்த உளுந்துல என்னென்ன இருக்குன்னு எழுதிக் குடுத்தியன்னா, பொம்பளையாள்க கிட்ட காட்டிட்டு வந்து சாம்பல வாங்கிக்கிடுதேன்.”

நன்றியுரை அவசரமாக முடிந்தது. வெளியே சாரல் வலுத்திருந்தது. சால்வைகள் எண்ணெய் தேய்க்கக் கிளம்பின. வாசலில் தார்ப்பாய் போர்த்திய டிப்பர் ஒன்று நின்றிருந்தது. ஓட்டுநர் சீட்டை நீட்டினார். ‘பொருள்: சாம்பல். பயன்பாடு: வேளாண்மை. பயனாளி கையொப்பம்:’

“எங்க அண்ணாச்சி தட்டணும்?”

“எங்கயும் தட்டாண்டாம். திருப்பிக் கொண்டு போ.”

“திருப்பிக் கொண்டு போனா எனக்கு வாடகை கிடையாதே. தட்டுனாத்தான் துட்டு.”

பெரியவர் பதில் சொல்லாமல் வேனில் ஏறினார். ஓட்டுநர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலை சாலையோர ஓடையில் ஒரு மேடு முளைத்திருந்தது. சாரலில் நனைந்து, சாம்பல் நிறத்தில், ஓரமாகக் கரைந்து குளத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. அலுவலகப் பேரேட்டில் வேளாண்மை என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே வேறொன்று எழுதினார்கள்: ‘தாழ்வான பகுதி நிரப்புதல். பயன்பாடு 100 சதவீதம்.’